அரண்மனையில் குடியேறிய உற்சவர்கள்

சென்னையின் பட்டினப்பாக்கம், சாந்தோம், மயிலாப்பூர்ப் பகுதிகளில் வாழ்வோருக்குப் பரோக் என்னும் ஐரோப்பியக் கலைப்பாணி முற்றிலும் அயலானதன்று. 1516 என்னும் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டைக் கொண்ட லஸ் தேவாலயத்தின் அலங்கார வேலைப்பாடுகளில் அப்பாணியின் சாயலை இன்றும் காணலாம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகரில் உருப்பெற்று, அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பா முழுவதும் பரவிய அந்தப் பாணி, நேர்கோட்டைக் காட்டிலும் வளைவையும், அடக்கத்தைக் காட்டிலும் ஆடம்பரத்தையும், நின்ற நிலையைக் காட்டிலும் அசைவையும் பெரிதும் விரும்பியது. கட்டடமும் சிற்பமும் ஓவியமும் தனித்தனிக் கலைகளாக நில்லாமல், உள்ளே நுழைபவரை ஒரே வீச்சில் மலைக்க வைக்கும் அரங்கமாக ஒன்றுகூட வேண்டும் என்பதே அதன் நோக்கம். தேவாலயங்களில் இறைவனின் மகிமையைக் காட்டப் பயன்பட்ட இந்த உத்தி, விரைவில் மன்னர்களின் மகிமையைக் காட்டவும் பயன்பட்டது. பிரான்சில் பதினான்காம் லூயி 1682-இல் தம் அரசவையைக் குடியேற்றிய வெர்சாய் அரண்மனையும், வியன்னாவில் சவாய் இளவரசர் யூஜினுக்காக ஹில்டபிராண்ட் என்னும் கட்டடக்கலைஞர் 1723-இல் கட்டி முடித்த மேல் பெல்வடேர் மாளிகையும் இவ்வாறு எழுந்தவை.

இவ்வகை மாளிகைகளில் பல இன்று கலை அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. பேரரசருக்குச் சொந்தமான ஓவியங்கள் பெல்வடேருக்குக் கொண்டுவரப்பட்டு, 1781-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793-இல் பாரிசின் லூவ்ர் அரண்மனையும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசர்கள் விலைகொடுத்தும் பரிசாகப் பெற்றும் போரில் கவர்ந்தும் சேர்த்த செல்வம், காலம் மாறியபோது மக்களின் பொதுச் சொத்தாயிற்று என்பதே ஐரோப்பிய அரண்மனை அருங்காட்சியகங்கள் பலவற்றின் தொடக்க வரலாறு. தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கி வரும் வளாகம் தஞ்சாவூர் அரண்மனை ஆகும். அங்கும் மதில் சூழ்ந்த முற்றங்களும், அரசவை மண்டபங்களும், அரசரின் நூலகமும், கலைக்கூடம் என்னும் சிற்ப அருங்காட்சியகமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எனினும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. கலைக்கூடத்தின் தலைசிறந்த படிமங்கள் அந்த அரண்மனையில் வாழ்ந்த எந்த அரசருக்கும் ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை. அவை காவிரிப் படுகையின் ஊர்க்கோயில்களிலிருந்தும், வயல்வெளிகளிலிருந்தும், மண்ணுக்கு அடியிலிருந்தும் வந்து சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் தஞ்சை அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பவர், அங்குள்ளவற்றில் பாதியைத்தான் பார்த்தவராவார்.

முதலில் கட்டடம். 1530-களில் சேவப்ப நாயக்கரோடு தொடங்கிய தஞ்சை நாயக்கர் ஆட்சி, அச்சுதப்பர், இரகுநாதர் ஆகியோரைக் கடந்து, 1673-இல் விஜயராகவ நாயக்கர் மதுரைப் படையிடம் வீழ்ந்ததோடு முடிவுற்றது. அரண்மனையின் பழைய பகுதிகள் இவர்கள் காலத்தவை. ரோமிலும் பாரிசிலும் பரோக் பாணி ஓங்கியிருந்த அதே பதினேழாம் நூற்றாண்டில், மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டளவில் தம் மகாலை எழுப்பினார்; தஞ்சையிலும் அதே கட்டுமான மரபு செழித்திருந்தது. இரு நிலப்பகுதிகளுக்கும் இடையே நேரடித் தொடர்பைத் தேட வேண்டியதில்லை. ஆனால் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அச்சாந்திலேயே உருவங்களை வடித்து வண்ணம் தீட்டும் சுதை வேலை, தஞ்சையிலும் வியன்னாவிலும் ஒரே வகையான ஆசையிலிருந்து பிறந்ததாகத் தோன்றுவது தற்செயலன்று. கல்லில் செதுக்கினால் ஆண்டுகள் பிடிக்கும் ஆடம்பரத்தைச் சாந்தில் சில மாதங்களில் அடைந்துவிடலாம். அரசர்கள் தம் வாழ்நாளிலேயே பார்த்து மகிழ விரும்பிய மாளிகைகளுக்கு அதுவே ஏற்ற பொருளாக இருந்தது.

வளாகத்துக்குள் நுழைபவரின் பார்வையை முதலில் ஈர்ப்பது கூடகோபுரம். அடுக்கடுக்காகக் குறுகி மேலெழும் அதன் தோற்றம் கோயில் விமானத்தை நினைவூட்டினாலும், அதற்குள் தெய்வம் எதுவும் இல்லை. படைக்கலச் சாலையாக அது பயன்பட்டதாகக் கூறப்படுகிறது. அருகில், வளைவு வாயில்களைத் தளம் தளமாக அடுக்கியது போன்ற மணிமண்டபம் வேறொரு கட்டடக்கலை மொழியைப் பேசுகிறது. நாயக்கர் தர்பார் மண்டபத்தில் பருத்த தூண்களும் உயர்ந்த வளைவுகளும் சுதை உருவங்களும் அமைந்திருக்க, கருங்கல் மேடை ஒன்றின்மீது இரண்டாம் சரபோஜி மன்னரின் வெண்பளிங்குச் சிலை கைகுவித்த நிலையில் நிற்கிறது. நாயக்கர் கட்டிய மண்டபத்தில், மராத்திய மன்னரின் உருவம், ஐரோப்பியச் சிற்பமுறையில் நிற்கும் இந்த ஓரிடத்தில் தஞ்சையின் முந்நூறு ஆண்டு வரலாறு சேர்ந்து நிற்கிறது.

நாயக்கருக்குப் பின் 1670-களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றிய ஏகோஜி, மராத்திய வீரர் சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி ஆவார். அவர் வழிவந்தோரில் மிகவும் புகழ்பெற்ற இரண்டாம் சரபோஜி, தரங்கம்பாடி வழியாக வந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸின் பராமரிப்பில் கல்வி பெற்று, 1798-இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போக, கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. வரி வசூலும் போரும் தம் கையை விட்டுப் போன நிலையில், 1832-இல் மறையும் வரை அவர் தம் முழு ஆற்றலையும் நூல்களிலும் மருத்துவத்திலும் இசையிலும் செலுத்தினார். அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855-இல் இறந்தபோது, கம்பெனி ஆட்சியுரிமையை மட்டுமன்றி அரச குடும்பத்தின் தனிச் சொத்துகளையும் கைப்பற்றிக்கொண்டது. மறைந்த மன்னரின் மனைவி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். 1859-இல் அதை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், ஓர் அரசு மற்றோர் அரசின்மீது எடுத்த நடவடிக்கையை நீதிமன்றம் ஆராய இயலாது எனக் கூறிக் கைவிரித்துவிட்டது. பின்னர் அரசு தானாகவே முன்வந்து சொத்துகளைக் குடும்பத்தாருக்குத் திருப்பியளித்தது. அவ்வாறு திரும்பியிராவிடில் சரஸ்வதி மகால் நூலகத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

அந்த நூலகமே தஞ்சை அரண்மனையின் உண்மையான அரசச் சேகரிப்பு. வெர்சாயிலும் வியன்னாவிலும் ஓவியத்துக்கு என்ன இடமோ, தஞ்சையில் அந்த இடம் ஏட்டுச்சுவடிக்கு உரியது. நாயக்கர் காலத்திலேயே தொடங்கிய சுவடித் தொகுப்பைச் சரபோஜி பன்மடங்கு பெருக்கினார். காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகளைச் சேகரித்துக் கொண்டுவந்தார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இங்கு உள்ளன. அரண்மனை அலுவலகக் கணக்குகள் மோடி என்னும் சுருக்க வரிவடிவில் எழுதப்பட்ட கட்டுகளாகக் கிடக்கின்றன. மராத்தியைக் கணக்கர்கள் விரைந்து எழுதுவதற்கென வழங்கிய வரிவடிவம் அது. வடமொழிச் சுவடிகளுக்கு பர்னெல் என்னும் ஆங்கிலேய நீதிபதி தயாரித்த வகைப்பாட்டு அட்டவணை 1880-இல் வெளியான பிறகே இக்கருவூலத்தின் பரப்பை வெளியுலக அறிஞர்கள் உணர்ந்தனர். 1918-இல் அது பொது நூலகமாயிற்று.

நூலகத்தின் சிறு காட்சிக்கூடத்தில் சரபோஜியின் நாட்டங்களை நேரில் காணலாம். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களை வண்ணத்தில் வரைந்த படங்களும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மருத்துவ ஆராய்ச்சிக்கென அவர் நிறுவிய தன்வந்திரி மகாலின் எச்சங்கள் அவை. அவற்றுக்குச் சற்றும் குறையாத வியப்பைத் தருவது, மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஒரு படத்தொகுதி. ஆட்டின் முகமும் ஆட்டைப் போன்ற மனித முகமும், சிங்கத்தின் முகமும் சிங்கத்தைப் போன்ற மனித முகமும் எனப் பக்கம் பக்கமாக நீளும் இப்படங்களை உருவாக்கியவர் சார்ல்ஸ் லெபுரூன். பதினான்காம் லூயியின் தலைமை ஓவியரும், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டப விதானத்துக்கு ஓவியம் தீட்டியவரும் அவரே. முகத்தோற்றத்திலிருந்து ஒருவரின் இயல்பைக் கணிக்கலாம் என்று அக்காலத்தில் நிலவிய நம்பிக்கையின் அடிப்படையில் 1671-இல் அவர் பாரிசில் உரையாற்றினார்; அவ்வுரைக்குரிய படங்கள் நெடுங்காலத்துக்குப் பின் 1806-இல் அச்சேறின. அந்தக் கணிப்புமுறை அறிவியலாகாது என்பது இன்று தெளிவு. ஆயினும் பரோக் ஓவியக்கலையின் தலைமகன் ஒருவரின் சிந்தனை, காவிரிக்கரை அரண்மனை ஒன்றில் பாதுகாக்கப்பட்டு, சரஸ்வதி மகால் வெளியீடாகவும் வந்திருப்பது, பரோக் அரண்மனையைத் தேடி ஐரோப்பாவுக்குச் செல்ல இயலாத தமிழ் வாசகருக்கு ஒரு நல்ல செய்தி.

இனி, கலைக்கூடம். அது தொடங்கப்பட்ட ஆண்டு 1951. தஞ்சையை அடுத்த கரந்தையில் இருந்த பிரம்மன் சிலையை வெளியூர்க் கலை ஆர்வலர் ஒருவர் எடுத்துச்செல்ல முயன்றதும், அதற்கு ஊரார் எதிர்ப்புத் தெரிவித்ததும், மாவட்ட நிர்வாகம் அச்சிலையை அரண்மனையில் வைத்துக் காத்ததும் அதன் தோற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பின்னர், அன்றைய பெரிய தஞ்சை மாவட்டத்தின் இடிந்த கோயில்களிலும் குளக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்சிலைகள் ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன. புதையலாகக் கிடைத்த செப்புத் திருமேனிகளும் தொடர்ந்து வந்தன.

செப்புத் திருமேனிகளைக் காண்பதற்கு முன் அவற்றின் பயனை அறிந்துகொள்ளுதல் நன்று. கருவறையில் அசையாமல் எழுந்தருளியிருக்கும் மூலவர் பெரும்பாலும் கல்லால் ஆனவர். திருவிழா நாட்களில் வீதிக்கு வந்து, கோயிலுக்குள் வர இயலாதோர்க்கும் காட்சி தருபவர் உற்சவர். தூக்கிச் செல்வதற்கு உரியவர் ஆதலின் உற்சவர் உலோகத்தில் வார்க்கப்பட்டார். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முழு உருவத்தையும் நுணுக்கமாகச் செய்து, அதன்மேல் மென்மையான வண்டல் மண்ணைப் பல அடுக்குகளாகப் பூசிக் காயவைத்து, பின் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் செம்பு மிகுந்த உலோகக் குழம்பை ஊற்றுவதே வார்ப்பு முறை. உலோகம் ஆறிய பின் மண் கருவை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். எனவே ஒரு கருவிலிருந்து ஒரே திருமேனிதான் பிறக்க முடியும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். கலைக்கூடத்தில் நிற்கும் திருமேனிகளின் பீடங்களைக் கவனிப்பவர், அவற்றைப் பல்லக்கிலும் வாகனத்திலும் பொருத்திக் கட்டுவதற்கான துளைகளையும் வளையங்களையும் காண்பார். பார்வையாளர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அத்திருமேனி எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்வது அந்தத் துளையே.

கலைக்கூடத்தின் பெருமைக்கு முதற்காரணம், சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டிலிருந்து வந்த திருமேனிகள். அவற்றுள்ளும் தலையாயது, முதலாம் இராசராசன் காலத்தில், 1011-இல் நிறுவப்பட்ட இடபவாகனர். காளையின்மீது முழங்கையை ஊன்றி ஓய்வாகச் சாய்ந்து நிற்கும் சிவபெருமானின் உருவம் இது. ஆனால் காளை அங்கே இல்லை. ஒரு காலின்மேல் மற்றொரு காலைக் குறுக்காக வைத்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையை வெறும் வெளியில் மடக்கி நீட்டி அவர் நிற்கும் நிலையில், இல்லாத காளையின் உயரமும் பருமனும் அக்கையின் வளைவிலிருந்தே விளங்கிவிடுகின்றன. சடைமுடி தலைப்பாகையைப் போலச் சுற்றி முடியப்பட்டிருக்கிறது. அம்முடிச்சுகளுக்கு இடையே பாம்பு நெளிகிறது. உடலின் எடை முழுவதையும் இடுப்பின் ஒரு சிறு சாய்வில் தாங்க வைத்த அந்தச் சிற்பியின் கணிப்பு, உலகின் எந்த அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள எந்தப் படைப்புக்கும் இணையானது. இதை மிகையாகச் சொல்வதாகக் கருத வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, 1012-இல், அவருக்குத் துணையாகத் தேவியின் திருமேனி செய்யப்பட்டது. அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியில், மணமகளாகக் கைப்பிடிக்கப்படும் பார்வதியின் நாணம் தலையின் சிறு சாய்வில் மட்டுமே வெளிப்படுகிறது. இவை அனைத்தும் பின்புறமும் முழுமையாகச் செய்யப்பட்டவை. வீதியில் செல்லும் தெய்வத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் காண்பார்கள் என்பதைச் சிற்பி அறிந்திருந்தார்.

கற்சிற்பங்களுள் தாராசுரத்திலிருந்து வந்தவை தனித்து நிற்கின்றன. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அங்கிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தியில், யானையை அழித்து அதன் தோலை விரித்தபடி ஆடும் இறைவனின் உடல் இடுப்பில் முறுகித் திரும்பியிருக்க, பார்வதி குழந்தை முருகனை அணைத்தபடி அஞ்சி ஒதுங்குகிறாள். ஆற்றலின் உச்சத்தையும் ஒரு தாயின் அச்சத்தையும் ஒரே கல்லில் காட்டும் இச்சிற்பத்தைக் காணும்போது, அசைவையும் நாடகத்தையும் உயிராகக் கொண்ட பரோக் சிற்பிகள் ரோமில் தேடியதை அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கும்பகோணத்துக்கு அருகில் சிலர் கண்டடைந்திருந்தனர் என்பது புலனாகும்.

திருவெண்காட்டுத் திருமேனிகள் 1950-களில் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்டவை. படையெடுப்புக் காலங்களில் உற்சவர்களை மண்ணில் புதைத்துக் காக்கும் வழக்கம் இருந்தது. புதைத்தவர்கள் மாண்டுபோக, இடம் மறந்துபோயிற்று. வழிபாட்டில் தொடர்ந்து இருந்த திருமேனிகள் பல அபிடேகத்தாலும் துலக்குதலாலும் மூக்கும் விழியும் தேய்ந்து காணப்பட, மண்ணுக்குள் உறங்கியவை சிற்பியின் உளி விட்ட கூர்மையை இழக்காமல் இருப்பதும் உண்டு. இவ்வாறு கிடைப்பவற்றை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அதனால் ஒரே கோயிலுக்குரிய தெய்வங்கள் பிரிய நேர்ந்தது: இடபவாகனர் தஞ்சையில் தங்க, அதே திருவெண்காட்டின் அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை அடைந்தார். வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி உமையாகவும் அமைந்த அத்திருமேனியின் வலக்கையும் காளைமீது ஊன்றுவதற்காகவே மடங்கியிருக்கிறது.

உற்சவர்கள் அருங்காட்சியகத்தில் நிற்பது முறையா என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது, எழவும் வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, 2014-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். காவலற்ற கோயில்களின் திருமேனிகளைத் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைத்திருப்பதும் இத்தகைய திருட்டுகளால்தான். பூட்டிய அறைக்குள் யார் கண்ணிலும் படாமல் இருப்பதைவிடவும், கள்ளச்சந்தையில் கைமாறுவதைவிடவும், தஞ்சைக் கலைக்கூடத்தில் நாள்தோறும் பலர் பார்க்க நிற்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஏற்பாடு முழுமை பெற வேண்டுமானால், ஒவ்வொரு திருமேனியின் அருகிலும் பெயர், ஊர், நூற்றாண்டு ஆகியவற்றோடு அது எந்த வாகனத்தில், எந்த விழாவில் வலம்வந்த வகை என்பதும் எளிய தமிழில் எழுதப்பட வேண்டும். பின்புறத்தையும் காணும்படி திருமேனிகளைச் சுற்றி நடக்க இடமும், நிழல் விழாத விளக்கும் வேண்டும். ஐரோப்பிய அரண்மனைகள் தம் அரசர்களின் செல்வத்துக்குச் செய்வதை, நம் ஊர்களின் செல்வத்துக்கு நாம் செய்யாதிருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

தஞ்சைக்குப் புறப்படும் சென்னை வாசகர், அதற்கு முன் எழும்பூரில் அர்த்தநாரீசுவரரை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும். அந்த மடங்கிய கை கண்ணில் பதிந்திருந்தால், தஞ்சையில் இடபவாகனரின் முன் நிற்கும்போது ஓர் ஊரின் கலை முழுமையாக விளங்கும். பெரிய கோயிலைப் பார்த்த களைப்போடு மாலையில் அரைமணி நேரத்தில் அரண்மனையை முடித்துவிடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; வளாகத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதாவது தேவை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமையும் விடுமுறை.